மேகம் காட்டும் கைகள்

என் மனைவியின் கைகளைக் குணப்படுத்தியது நான்தான். மருந்துக்கும் மருத்துவருக்கும் அதில் பங்கில்லை. தோல்நோய்ப் பிரிவின் ஆண்டு ஆய்வுக் கூட்டத்தில் அந்தச் சாதனையைப் பெரிய திரையில் போட்டுக் காட்டினார்கள். இளம் மருத்துவர்கள் இரண்டு பேர் கைதட்டினார்கள். அவர்களில் ஒருவர், சோப்பு விளம்பரம் மாதிரி இருக்கிறது என்றார். நான் அறையின் கடைசியில், கதவுக்குப் பக்கத்தில், படம் எடுத்தவனுக்குரிய அடக்கத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

நோயாளிகளுக்கான முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என் மனைவி எழுந்து போனாள். திரையில் தெரிந்த கைகளின் மேல் தன் கைகளை வைத்தாள். திரையில் இருந்தவை மணிக்கட்டு முதல் நகம் வரை ஒரே நிறம். அவள் வைத்தவற்றில் புறங்கை முழுக்க வெள்ளைத் திட்டுகள், ஒவ்வொரு விரல் நுனியிலும் சுண்ணாம்பில் தொட்டெடுத்தது போல வெளுப்பு.

"இது யாரோட கை டாக்டர்?" என்றாள்.

கைதட்டல் நின்றது. எல்லோரும் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் கதவைப் பார்த்தேன். பூட்டியிருக்கவில்லை. ஆனாலும் ஓடவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன், ஏனென்றால் அன்றைக்கு என் பக்கம் சொல்லிக்கொள்ள இருப்பது அது ஒன்றுதான்.

நடந்தது இதுதான். இந்த மருத்துவமனைக்கு வருவதற்கு முன்னால் கல்யாணப் படங்கள் எடுக்கும் ஸ்டுடியோ வைத்திருந்தேன். பருவை அழிப்பேன், தழும்பை அழிப்பேன், கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையத்தை அழிப்பேன். ஒரு குடும்பம் கேட்டுக்கொண்டதற்கு இணங்க ஒரு சித்தப்பாவையே அழித்திருக்கிறேன். பிறகு எல்லோருடைய போனும் அந்த வேலையைத் தானே செய்துகொள்ளத் தொடங்கியது. கடையை மூடிவிட்டு, தோல்நோய்ப் பிரிவில் படம் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். இங்கே எல்லாம் நேர் எதிர். ஒவ்வொரு முறையும் அதே தூரம், அதே வெளிச்சம், அதே கோணம். அழகு கூடவே கூடாது. திட்டு சுருங்கியதா, பரவியதா என்று மருத்துவர் என் படத்தை வைத்துத்தான் முடிவு செய்வார்.

மற்ற நோயாளிகளின் படங்கள் மருத்துவமனைக் கணினியில் நேராக இறங்கிவிடும். அவர்கள் அதிர்ஷ்டசாலிகள். வீட்டுக்காரிக்கு மட்டும் தனிக் கவனிப்பு. ஊழியர் தன் குடும்பத்தாரை வேலை நேரத்தில் படம் எடுக்கக் கூடாது என்பது விதி. அதனால் வேலை முடிந்த பிறகு எடுத்து, என் பழைய ஸ்டுடியோ லேப்டாப்பில் இறக்கி, அங்கிருந்து அவள் கோப்பில் சேர்ப்பேன். அந்த லேப்டாப் ஒருமுறை பழுதாகி, சரிசெய்யப்பட்டு வந்தது. வரும்போது தன் பழைய புத்தியோடு வந்திருக்கிறது. அந்தப் புத்திக்கு நானே வைத்த பெயர் 'மணப்பெண் மென்மை'. உள்ளே வருகிற எந்தத் தோலையும் யாரையும் கேட்காமல் ஒரே நிறமாக்கி, அசல் படத்தின் மேலேயே சேமித்துவிடும். கேமராவில் இருந்த நினைவு அட்டையை நான் ஒவ்வொரு முறையும் பொறுப்பாகத் துடைத்து வைத்துவிடுவேன். பொறுப்பு என்றால் அப்படி ஒரு பொறுப்பு.

ஆக, கடந்த ஒரு வருஷத்தில் நான் எடுத்த அவளுடைய படம் எதிலும் அவளுடைய தோல் இல்லை.

இதில் வேடிக்கை, நானும் அந்தப் படங்களைப் பார்த்தேன் என்பதுதான். பார்த்துச் சந்தோஷப்பட்டேன். கிரீம் வேலை செய்கிறது, தோலில் ஒளி பாய்ச்சும் ஒளிப்பெட்டி வேலை செய்கிறது என்று நண்பர்களிடம் சொன்னேன். முகத்தில் அது நிஜமாகவே வேலை செய்திருந்தது. கண்ணோரத்திலும் உதட்டோரத்திலும் இருந்த திட்டுகள் மயிர்க்காலைச் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளிகளாக நிறம் பிடித்து, புள்ளிகள் சேர்ந்து, முகத்து வெளுப்பு மூடிவிட்டது. அந்த நம்பிக்கையில் கையையும் சேர்த்து வரவு வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கைப்பையைக் கூட இறக்கி வைக்கவில்லை.

"கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்குன்னு கேப்பாங்க. உங்களுக்குக் கேமரா வேண்டியிருக்கு," என்றாள். "தினமும் உங்களுக்குத் தட்டு எடுத்து வைக்கிற கைங்க. அதைப் பாக்காம படத்தைப் பாத்து சந்தோஷப்பட்டிருக்கீங்க."

எனக்கு உன் கையில் வித்தியாசமே தெரிவதில்லை என்று வழக்கமான பாட்டைப் பாடினேன். கல்யாணமான நாளிலிருந்து பாராட்டு என்று நினைத்துக்கொண்டு நான் பாடிவருகிற பாட்டு அது. தெரியாமல் இருப்பது பெருமையில்லை, போய் முதலில் கண்ணைக் காட்டுங்கள் என்றாள்.

அவள் கோபத்துக்குக் காரணம் அழகு இல்லை. அவள் சைகை மொழிபெயர்ப்பாளர். வாரா வாரம் தொலைக்காட்சிச் செய்தியில் திரையின் மூலையில் ஒரு சிறிய சதுரத்துக்குள் நின்று, காது கேளாதவர்களுக்காகச் செய்தியைக் கையால் சொல்பவள். வெண்புள்ளி வந்ததற்காக அவள் ஒளிந்ததும் இல்லை, அழுததும் இல்லை. முகத்தில் இருந்தபோது ஒப்பனை செய்பவர் மூடிவிடவா என்று கேட்டதற்கு, பார்க்கிறவர்கள் பழகிக்கொள்வார்கள் என்று சொல்லிவிட்டாள். கைக்குப் பூசவே முடியாது. சைகை செய்யும்போது கை முகத்தைத் தொடும், உடையைத் தொடும், பூச்சு ஈஷிக்கொள்ளும்.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. அவளோடு படித்த, காது கேளாத தோழி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தபோது, கொஞ்ச காலமாக உன் செய்தி எனக்குச் சரியாகப் புரிவதில்லை என்று நேராகவே சொல்லிவிட்டாள். தொலைக்காட்சி நிலையத்தில் அவளுக்குப் பின்னால் தொங்கும் பின்திரை வெளிர்நிறம். சின்னச் சதுரத்துக்குள் பார்க்கும்போது வெளுத்த விரல் நுனி அந்தத் திரையோடு கலந்து காணாமல் போகிறது. ஒரு விரலா இரண்டு விரலா, மடங்கியதா நீட்டியதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அன்றைக்கு என் மனைவி சாப்பிடவில்லை. தன் கை தப்பாக எழுதுகிறது என்று யாரோ சொன்ன மாதிரி இருந்தது அவளுக்கு.

நிலையத்தில் பின்திரையை மாற்றச் சொல்லிக் கேட்டாள். கையுறை போட்டுக்கொள்ளேன் என்றார்கள். நீங்கள் வாயில் துணி கட்டிக்கொண்டு செய்தி வாசியுங்கள், நான் கையுறை போடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். பேச்சு அதோடு நின்றது.

அதன் பிறகுதான் மருத்துவமனையில் வெண்புள்ளி அறுவைக்கென்று ஒரு புதுப் பிரிவைத் தொடங்கப்போவதாகச் செய்தி வந்தது. தொடையில் மெல்லிய தோலைச் சீவி எடுத்து, அதிலிருந்து நிறம் தயாரிக்கும் செல்களைப் பிரித்து, திரவமாக்கி, வெளுத்த இடத்தின் மேல்தோலைச் சுரண்டிவிட்டு அங்கே பரப்புவார்கள். நாற்று நடுவது மாதிரி. முதல் தொகுதிக்கு அவளும் பெயர் கொடுத்திருந்தாள். ஒரே ஒரு நிபந்தனை: நோய் ஒரு வருஷமாக அசையாமல் நின்றிருக்க வேண்டும், அதைப் படங்கள் காட்ட வேண்டும்.

அந்தப் படங்களைத்தான் நான் மணப்பெண்ணாக்கி வைத்திருந்தேன்.

எங்கள் மருத்துவருக்கு ஊழியர்கள் வைத்திருக்கும் பெயர் 'பார்ப்போம்'. கெட்டிக்காரர், அன்பானவர், ஆனால் எதைக் கேட்டாலும் பதில் அந்த ஒரு சொல்தான். மதியம் சாப்பிட வருகிறீர்களா டாக்டர் என்றால் பார்ப்போம். மழை வருமா என்றால் பார்ப்போம். நோயாளி குணமாகுமா என்றால் ஒரு புன்னகையும் கூட வரும். நான் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். படங்கள் இல்லாமல் பட்டியலில் வைத்திருக்க முடியாது, இன்றிலிருந்து புதிதாக ஒரு வருஷம் எடுக்க வேண்டும் என்றார். வேறு வழியே இல்லையா என்றேன். பார்ப்போம் என்றார்.

அவளிடம் சொன்னபோது துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்துக்கொண்டே கேட்டாள், என் சட்டையை உதறி மறுபடியும் மடித்தாள். பிறகு, புதுப் பிரிவு தொடங்க இன்னும் சில வாரம் இருக்கிறது, அதற்குள் இந்த ஒரு வருஷத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதானே என்றாள். தொலைந்த சாவியைத் தேடுகிற தொனி. எங்கே போய்த் தேடுவது என்று நான் கேட்டேன். கல்யாண வீடுகளில் எடுத்தது, பக்கத்து வீட்டுக்காரர் போனில் எடுத்தது என்று எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்தோம். எல்லாப் போன்களும் என் சீடர்களாக மாறியிருந்தன. ஒன்றில்கூட உண்மையான தோல் இல்லை. ஒரு படத்தில் எனக்கே இளமை திரும்பியிருந்தது. அதை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

அப்போது தொலைக்காட்சியில், அவள் முன்பே பதிவு செய்துவிட்டு வந்திருந்த செய்தி ஓடிக்கொண்டிருந்தது. மூலைச் சதுரத்தில் அவள். முடிவில் வானிலை. அதற்கான சைகையில் இரண்டு கையும் மேலே எழும். புறங்கை இரண்டும் கேமராவைப் பார்க்க, விரல்கள் விரிந்து, மேகம் போல மெல்ல நகரும். நான் அதைப் பார்த்தேன். அவளும் அதைப் பார்த்தாள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"கையில வெண்ணெயை வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் நெய்க்கு அலைஞ்சிருக்கோம்," என்றாள்.

வாரா வாரம், அதே மேடை, அதே விளக்கு, அதே கேமரா, அதே சைகை. நான் தூரம் அளந்து, கோணம் பார்த்து எடுத்ததைவிடச் சுத்தமான பதிவு. பார்க்கிறவர்களுக்குப் போவது சின்னச் சதுரம்தான். நிலையத்தில் அவளை முழு அளவில் பதிவு செய்து, பிறகுதான் சுருக்குவார்கள்.

நிலையத்தில் பழைய பதிவுகளைக் காப்பவருக்கு 'ஸ்க்ரோல்' என்று பெயர். செய்தியின் அடியில் ஓடும் எழுத்துகளை ஓட்டுவதும் அவர்தான், பேசும்போதும் அப்படியே, முற்றுப்புள்ளி இல்லாமல் ஓடிக்கொண்டே இருப்பார். பதிவுகளை வெளியே தர முடியாது என்பதையும், தன் முதுகு வலியையும், குளிர்சாதனம் ஒழுகுவதையும், தன் மருமகனின் குணத்தையும் ஒரே வாக்கியத்தில் சொன்னார். எழுத்தில் அனுமதி வேண்டுமென்றார். வாங்கி வந்தோம். இந்த அனுமதி போதாது என்றார். என் மனைவி அவர் முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணே, நாங்க எதையும் வெளிய கொண்டுபோகல. இங்கயே உக்காந்து பாக்கறோம். இவர் என் கையை மட்டும் படம் எடுத்துக்குவாரு. அது என் கைதானே, நிலையத்தோட கை இல்லையே?"

ஸ்க்ரோல் முதல்முறையாக நின்றார். பிறகு ஒரு மூலையில் கணினியைக் காட்டினார். பகல் நேரங்களில், நிலையம் அசந்திருக்கும் வேளையில், போய் உட்கார்ந்தோம். ஒவ்வொரு வாரப் பதிவையும் கடைசிக்கு ஓட்டி, மேகம் எழும் கணத்தில் நிறுத்தி, அந்த ஒரு படத்தை எடுப்பேன். இந்த முறை மருத்துவமனையின் கணினியை இரவல் வாங்கிப் போயிருந்தேன். என் லேப்டாப்பை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை அவளே வைத்துக்கொண்டாள்.

எனக்குத் தெரிந்த சைகைகள் மூன்று: டீ, போதும், வாயை மூடு. மூன்றாவதை வீட்டில்தான் கற்றேன். அங்கே உட்கார்ந்து வாரத்துக்கு வாரம் பார்த்தபோது முதல்முறையாக அவள் கைகளைப் பார்க்கிறேன் என்று தோன்றியது. இடது புறங்கையில் உள்ள திட்டு காய்ந்த ஏரி மாதிரி இருக்கும். வலது மணிக்கட்டில் உள்ள திட்டின் விளிம்பு பல்பல்லாக இருக்கும். இவ்வளவு காலமாக அதன் விளிம்பை நான் பார்த்ததில்லை. எனக்கு வித்தியாசம் தெரிவதில்லை என்று பாடிக்கொண்டிருந்தவன் நான்.

படங்களை வரிசையாக அடுக்கினேன். ஏரி அதே ஏரி. மணிக்கட்டு அதே மணிக்கட்டு. ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்தால் விளிம்பு கோட்டுக்குக் கோடு பொருந்தியது. நோய் நின்றுவிட்டது. எனக்கு அழுகை வரும் போலிருந்தது. ஸ்க்ரோல் பக்கத்தில் இருந்ததால் இருமலாக்கிக்கொண்டேன்.

பிறகு வலது கட்டைவிரலின் அடியைப் பார்த்தேன்.

வருஷத்தின் தொடக்கத்தில் அங்கே ஒன்றும் இல்லை. நடுவில் ஒரு வாரம், ஊசி முனை அளவு வெளுப்பு. அடுத்தடுத்த வாரங்களில் அது மிளகானது. இப்போது பருப்பளவு.

அன்றைக்கு அவள் பதிவுக்காக மேடைக்குப் போயிருந்தாள். ஸ்க்ரோலும் எழுந்து போய்விட்டார். நான் தனியாக இருந்தேன். மருத்துவமனைக் கணினியிலும் படத்தில் உள்ளதை அழிக்கும் ஒரு பிரஷ் உண்டு, எல்லாக் கணினியிலும் உண்டு. சும்மா, பார்க்கத்தான், ஒரு பிரதியில் அந்தப் புள்ளியின் மேல் வைத்தேன். போய்விட்டது. கண் சிமிட்டும் நேரம்கூட ஆகவில்லை. என் பழைய கைத்திறன் இன்னும் போகவில்லை, அப்படியே இருக்கிறது என்று ஒரு அல்பப் பெருமைகூட வந்தது. இந்த ஒரு புள்ளி இல்லாவிட்டால் அவள் பெயர் பட்டியலில் நிற்கும். நான் கெடுத்ததை நானே சரிசெய்த மாதிரியும் ஆகும். சித்தப்பாவையே அழித்தவனுக்கு ஒரு பருப்பு என்ன பெரிசு?

ஆனால் மருத்துவர் ஒருமுறை சொன்னது நினைவில் இருந்தது. நம் உடம்பின் காவல்காரர்களே, நிறம் போடும் செல்லைத் திருடன் என்று நினைத்து அடிப்பதுதான் இந்த நோய். புதுக் கிரீமும் மாத்திரையும் அந்தக் காவல்காரர்கள் காதில் 'விடுப்பா, இவன் நம்மாளு' என்று சொல்கின்றன. அவர்கள் இன்னும் கம்போடு சுற்றிக்கொண்டிருக்கும்போது தோலைச் சுரண்டினால் அடி புதிய இடத்தில் விழும். சுரண்டிய இடம் வெளுக்கும். தோல் எடுத்த தொடையும் வெளுக்கும். நான் புள்ளியை அழிப்பது படத்தில்தான். கத்தி வைப்பது அவள் மேல்.

பிரதியைச் சேமிக்காமல் மூடினேன். புள்ளி உள்ள ஒவ்வொரு படத்திலும் அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டேன். வட்டம் கோணல்மாணலாக வந்தது. வாழ்நாள் முழுக்க அழித்தே பழகிய கை, சுட்டிக்காட்டப் பழகியிருக்கவில்லை.

பதிவு முடிந்து வந்தவளிடம் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, இது இஸ்திரிப்பெட்டி சுட்டது என்றாள். உடனே, தயாராக வைத்திருந்த மாதிரி.

"எப்ப சுட்டுச்சு?"

"நீங்க அவசரம் அவசரம்னு பறந்தீங்களே, அன்னிக்கு. உங்க சட்டைதான்."

அது நிஜம்தான். அன்றைக்கு அவள் கையை உதறியதும், நான் தண்ணீர் எடுக்கப் போய்ச் செம்பைக் கீழே போட்டதும் நினைவிருக்கிறது. சுட்ட இடம் கட்டைவிரலா, சுண்டுவிரல் பக்கமா என்பது மட்டும் நினைவில்லை. சுட்ட தழும்பாக இருந்தால் நல்லது என்று நான் சொன்னேன். சுட்ட தழும்புதான் என்று அவள் சொன்னாள். பேருந்தில் வீடு திரும்பும் வழியெல்லாம் இருவரும் இஸ்திரிப்பெட்டிக்காக மாறி மாறி வாதாடினோம். இவ்வளவு அன்பாக ஒரு இஸ்திரிப்பெட்டியைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

இறங்க வேண்டிய இடத்துக்கு முந்தைய நிறுத்தத்தில் அவள் பேச்சை நிறுத்தினாள். கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊதா விளக்குல போட்டா தெரிஞ்சுடும் இல்ல?"

தெரிந்துவிடும் என்றேன். தழும்பு மங்கலாகத்தான் இருக்கும், நிறமே செத்த இடம் பளிச்சென்று ஒளிரும். என்னைவிட நன்றாக அது அவளுக்குத் தெரியும்.

"அப்ப நாளைக்கே போடுங்க," என்றாள். "பின்திரையை மாத்தச் சொல்லிச் சண்டை போடணும்னா இப்பவே ஆரம்பிச்சிருக்கணும். கை சரியாகிடும்னு நெனச்சுத்தான் சும்மா இருக்கேன். சண்டையும் போடாம, கையும் சரியாகாம, நடுவுல நிக்கறது எனக்குப் புடிக்கல. ஆகும்னா ஆகும், ஆகாதுன்னா ஆகாது. உங்க டாக்டர்கிட்ட அதைக் கேட்டு வாங்கிக் குடுங்க. படத்தை நீங்கதானே கெடுத்தீங்க? பதிலையாவது வாங்கிக் குடுங்க."

இருட்டறை எங்கள் பிரிவின் கடைசி அறை. ஜன்னலுக்குக் கறுப்புத் திரை, சுவருக்குக் கறுப்புச் சாயம், ஒரு மேசை, கைப்பிடி வைத்த ஓர் ஊதா விளக்கு. மருத்துவர் வந்தார். படங்களை முதலில் வெளிச்சத்தில் காட்டினேன். மேகங்களை வரிசையாகப் பார்த்தவர், இது எங்கே கிடைத்தது என்று கேட்டார். பின்திரைச் சண்டையோடு சேர்த்துச் சொன்னேன். எங்கள் படங்களைவிட நன்றாக இருக்கிறதே என்றார். எனக்கு அது பாராட்டா, திட்டா என்று தெரியவில்லை, இரண்டுக்கும் சேர்த்துத் தலையாட்டினேன். ஏரியின் விளிம்பை விரலால் தொடர்ந்து போனார். சிவப்பு வட்டத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

என் மனைவி இஸ்திரிப்பெட்டியைப் பற்றிச் சொன்னாள். குரலில் பேருந்தில் இருந்த உறுதி இல்லை.

விளக்கை அணைத்தேன். அவள் வலது கையை மேசை மேல் வைத்தாள். கேமராவில் கண்ணை வைத்தேன். மருத்துவருக்கு முன்னால் எனக்குத்தான் தெரிய வேண்டும் என்பது இந்த வேலையின் விதி, அன்றைக்கு அந்த விதி எனக்குப் பிடிக்கவில்லை. ஊதா வெளிச்சம் விழுந்ததும் புறங்கைத் திட்டுகள் நீலம் கலந்த வெண்மையாக எரிந்தன. விரல் நுனிகள் எரிந்தன. கட்டைவிரலின் அடியில் ஒரு பருப்பு, அவற்றுக்குச் சற்றும் குறையாமல், எரிந்தது. அதன் பக்கத்தில், சாதாரண வெளிச்சத்தில் நாங்கள் பார்த்தே இராத இன்னொரு ஊசி முனை.

படம் எடுத்தேன். 

விளக்கைப் போட்டேன். மருத்துவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, புன்னகையைத் தேடினார். அந்தப் புன்னகையின் பின்னால் எந்தச் சொல் வரும் என்று எனக்குத் தெரியும். இந்த ஒரு தடவை வேடிக்கையாக எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

"டாக்டர், பார்ப்போம்னு மட்டும் சொல்லாதீங்க," என்றேன். "நான் உங்களுக்குப் பொய்ப் படம் குடுத்தேன், தெரியாமத்தான், ஆனா குடுத்தேன். இது நிஜப் படம். இதுக்கு நிஜமா ஒரு பதில் வேணும். இவ கைக்கு அந்தச் சிகிச்சை நடக்குமா, நடக்காதா? விரல் நிறம் திரும்புமா, திரும்பாதா? எதுவா இருந்தாலும் நாங்க அடுத்த வேலையைப் பாக்கணும்."

மருத்துவர் என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் கைகளை மேசையிலிருந்து எடுக்கவில்லை. அவரும் கேட்காமலேயே அந்த வலது கையைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு இடமாகத் தொட்டுக் காட்டிச் சொன்னார்.

"இப்ப நடக்காது. இந்தப் புள்ளி புதுசு, வளருது. இப்ப செஞ்சா நான் உங்க கையைக் கெடுத்ததா ஆகும். பட்டியல்லேர்ந்து பேரை எடுத்துடறேன். மாத்திரையை இன்னிக்கே ஆரம்பிக்கலாம், ஒளிப்பெட்டியும் தொடரட்டும். இது அடங்கி ஒரு வருஷம் அசையாம இருந்தா, நானே செய்றேன். புறங்கை முக்கால்வாசி வரும், அதுல எனக்கு நம்பிக்கை இருக்கு. விரல் நுனி வராது. அங்க மயிர்க்கால் இல்ல, நிறம் ஏறி வர வேர் இல்ல. இன்னிக்கு இருக்கிற எந்த மருந்துலயும், எந்த ஆஸ்பத்திரியிலயும் வராது. பின்திரையை மாத்தச் சொல்லுங்க."